ஒத்திகைக்கும் கதவைத் திறந்துவிடுங்கள்: நம் ஊர்க் கலை மையச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயாவுக்கும் செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான நிகழ்ச்சி அட்டவணையை டேவான் மண்டப வாசலில் ஒட்டியிருக்கிறீர்கள். பார்த்தேன். பொங்கலுக்குக் கோலப் போட்டி, பள்ளி விடுமுறையில் சிறுவர் ஓவியக் கண்காட்சி, கோலாலம்பூரிலிருந்து ஒரு நகைச்சுவை நாடகக் குழு, வெளியூர் நாட்டியக் குழுவுக்கு இரண்டு மாலைகள், ரப்பர் தோட்ட வாழ்க்கைப் புகைப்படக் கண்காட்சி மறுபடியும், ஆண்டுக் கடைசியில் விருந்து. குறை சொல்ல எழுதவில்லை என்றால் பொய்யாகிவிடும், குறை சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் இந்த நிகழ்ச்சிகளில் எதன் மேலும் எனக்குக் கோபமில்லை. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதே, ஒத்திகைக்கும் பயிற்சிக்கும் மண்டபம் கொடுக்கப்படமாட்டாது என்று, அந்த வரியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பகலில் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லித் தருபவள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் என்னிடம்தான் முதல் அடவு போட்டார்கள். அந்த உரிமையில் கொஞ்சம் நேராகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன முறை நடந்த பொதுக்கூட்டத்தில் பொருளாளர் ஐயா வருத்தப்பட்டுச் சொன்னார்: எவ்வளவு நல்ல நிகழ்ச்சியைக் கொண்டுவந்தாலும் பாதி நாற்காலி காலியாகவே கிடக்கிறது, நம் ஜனங்களுக்குக் கலையில் ஆர்வமே இல்லை என்று. கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. இதே ஜனங்களின் அப்பா அம்மா எப்படி நாடகம் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியும். நம்மில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள்தாமே.

தோட்டத்தில் அரங்கம் என்று ஒன்று கிடையாது. திருவிழாவுக்கு அரிச்சந்திரன் போடுவார்கள், நல்லதங்காள் போடுவார்கள், மதுரை வீரன் போடுவார்கள். நாலு பலகை, மேலே தார்ப்பாய், யார் வீட்டுச் சேலையோ திரையாகத் தொங்கும். ஆட்டம் ஒரு ராத்திரியோடு முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு ராத்திரிக்கு மாதக்கணக்கில் ஒத்திகை நடக்கும். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தங்களுக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரையை முடித்து, ரப்பர் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, ராத்திரியானால் கோயிலுக்கு முன்னால் கேஸ் விளக்கைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். வாத்தியார் கணக்கு நோட்டில் எழுதிவைத்த பாட்டை ஒருவர் வாசிப்பார். எழுத்துத் தெரியாதவர் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துகொள்வார். சந்திரமதி வேஷம் கட்டுகிறவர் பகலில் மண்வெட்டி பிடிக்கிற ஆம்பிளை. மயானக் காட்சியில் அவர் மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று லயத்து வரிசை வீட்டுப் பாட்டி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே திருத்துவார். "பிள்ளைய பறிகொடுத்தவ இப்படியா பாடுவா? இழுத்து அழுடா!" என்பார். பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே தூங்கிப்போவோம். திருவிழா அன்றைக்கு அரிச்சந்திரன் ஒரு வரியை விட்டுவிட்டால் கூட்டத்திலிருந்து பத்துப் பிள்ளைகள் எடுத்துக்கொடுக்கும்.

பொருளாளர் ஐயா தேடுகிற ரசிகர் கூட்டம் அப்படித்தான் உருவானது. ஆட்டத்தன்று வந்து உட்கார்ந்த கூட்டம் முழுக்க ஒத்திகையிலேயே அந்த நாடகத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆகியிருந்தார்கள். யார் தடுமாறுவார், யார் பிரமாதமாகப் பாடுவார் என்று முன்னாலேயே தெரியும், பந்தயம்கூடக் கட்டுவார்கள். வெளியூர்க் குழு வேனில் வந்து இறங்கி, ஆடி முடித்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு அதே ராத்திரியில் கிளம்பினால் அந்தச் சொந்தம் எங்கிருந்து வரும்? குழுவைக் குறை சொல்லவில்லை. அருமையாக ஆடுகிறார்கள். பார்த்துக் கைதட்டுகிறோம், வீட்டுக்குப் போகிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், செம்பனைக்குத் தலை எண்ணிக்கை குறைவாகப் போதும், ஆட்களைக் குறைத்தார்கள். சில தோட்டங்களை வீடமைப்புக்கு விற்றார்கள். ஜனங்கள் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்கும் அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். கோயிலைக்கூட எப்படியோ பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள், கோயிலுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைக் கொண்டுவர முடியவில்லை. ஐந்தாம் மாடி வீட்டில் ஒரு பிள்ளை தட்டடவு போட்டால் கீழ்வீட்டு மக்சிக், மலாய் அம்மா, துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ராத்திரி வேலைக்குப் போகிறவர். தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இடம் கேட்டால் தேர்வு வரும்வரை கிடைக்கும். தேர்வு வந்தால் போயிற்று.

இப்படி ஊரே இடம் தேடி அலையும்போது, ஊர் நடுவில் வாரத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கிற பெரிய கட்டடம் உங்களுடையது. அதுவும் எந்தக் கட்டடம்! பழைய ரப்பர் ஸ்டோர். நம் பாட்டன் பூட்டன் பால் ஊற்றி, உறைய வைத்து, ஷீட்டாக உருட்டி, புகையில் தொங்கவிட்ட இடம். கண்காட்சிக் கூடமாக நீங்கள் மாற்றியிருக்கிற அறைதான் அந்தக் காலத்துப் புகையறை. மழை பெய்தால் இன்றைக்கும் சுவரோரம் அந்த வாடை லேசாக வருகிறது என்று என் அக்கா சொல்வார். எனக்கு வருவதில்லை, அக்காவுக்கு மூக்கு நீளம்.

பழைய தொழிற்கூடத்தைக் கலைக்கூடமாக்குவது நல்ல காரியம். கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வே பட்டறையாக இருந்த கட்டடம்தான் 2005-இல் கேஎல்பேக் என்று நாம் சொல்லும் கோலாலம்பூர் மேடைக்கலை மையமாகத் திறக்கப்பட்டது. செந்தூல் ரயில்வேயில் எத்தனை தமிழர்கள் வேலை செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. அங்கே போனவர்கள் பார்த்திருப்பீர்கள், பெரிய அரங்கமும் சின்ன அரங்கமும் மட்டும் இருந்தால் அது ஓடாது, ஒத்திகைக்கென்று தனி அறைகள் வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சி இல்லாத நாளிலும் உள்ளே யாராவது எதையாவது பழகிக்கொண்டிருப்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைப் பள்ளியும் வகுப்புகளால்தான் வளர்ந்தது. நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிம் 1983-இல் தொடங்கிய சூத்ரா நடனக் குழு, ஒடிசி நடனத்துக்கு உலகம் அறிந்த பெயர். அவர்கள் தலைநகரோடு நின்றுவிடாமல் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கும் வகுப்பு எடுத்தார்கள், அப்படிப் பழகிய பிள்ளைகளைத் தங்கள் மேடையில் ஆடவும் வைத்தார்கள். நம் ஊர் மையத்தின் திறப்பு விழா மலரில் இந்தப் பெயர்களையெல்லாம் நீங்களே முன்மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சரி, நீங்கள் சொல்கிற காரணங்களுக்கு வருகிறேன்.

முதல் காரணம், ஆடிப் பழகினால் மேடைத் தரை கெட்டுப்போகும் என்பது. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கெட்டுப்போவது பிள்ளைகளின் கால், ஐயா. உங்கள் மேடை கான்கிரீட். அதன் மேல் பளபளவென்று டைல்ஸ். அதன் மேல் விழா நாளில் சிவப்புக் கம்பளம். பரதத்தில் முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து பாதம் முழுதும் தரையில் பதியத் தட்ட வேண்டும், குதித்து மெட்டடவில் நுனிக்காலில் எழும்பிக் குதிகாலை அடிக்க வேண்டும். வர்ணம் என்கிற நீண்ட உருப்படி ஒன்றை ஆடி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை எத்தனை ஆயிரம் தட்டு தட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மரத்தரை அந்த அடியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கான்கிரீட் எதையும் வாங்காது, அத்தனையையும் காலுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் ஐஸ் கட்டி வைத்துக் கட்டுப் போடுகிறேன். கம்பளம் இன்னும் மோசம். திரும்பும்போது பாதம் சிக்கி முழங்கால் மட்டும் திரும்பும்.

நாட்டியத்துக்கான தரை செய்வது ராக்கெட் விஷயமில்லை. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடியில் ரப்பர் துண்டுகள் வைத்து, மேலே இரண்டடுக்குப் பிளைவுட் அடித்தால் போதும். நடுவில் இருக்கிற காற்றும் ரப்பரும்தான் அடியை வாங்கும். கழற்றி மாட்டுகிற மாதிரி துண்டு துண்டாகவே செய்யலாம், விருந்து நாளில் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம். ரப்பர் ஸ்டோரில் ரப்பருக்குப் பஞ்சமா என்று கிண்டல் செய்யாதீர்கள், இப்போது பஞ்சம்தான். தச்சு வேலை தெரிந்த பெற்றோர் மூன்று பேர் கூலி வாங்காமல் செய்து தருகிறோம் என்கிறார்கள். மரத்துக்கு மட்டும் காசு வேண்டும்.

இரண்டாவது காரணம் மின்கட்டணம். நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழகுவதற்கு ஏர்கான் எதற்கு? உச்சியில் புகைபோக்கித் திறப்புகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, திறந்துவிட்டு நாலு காற்றாடியைச் சுழலவிட்டால் போதும். வேர்த்தால்தான் அது பயிற்சி. மேடை விளக்கும் வேண்டாம், இரண்டு சாதாரண விளக்கு எரிந்தால் சரி. தகரக் கூரையில் மழை கொட்டினால் ஒன்றும் கேட்காது என்று ஒருவர் சொன்னார். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் சாயங்கால மழை கொட்டித் தீர்ப்பது உண்மைதான். கேட்காவிட்டால் தாளம் போடுகிற தட்டுக்கழியைப் பார்த்து ஆடுவோம். எங்களுக்கு அது பழக்கம்.

மூன்றாவது காரணத்தை யாரும் கூட்டத்தில் எழுந்து சொல்வதில்லை, வாசலில் நின்று மெல்லச் சொல்கிறீர்கள். கதவைத் திறந்தால் உறுமி மேளம் அடிக்கிற பையன்கள் வந்துவிடுவார்களாம். வரட்டுமே. காவடிக்குச் சினிமாப் பாட்டு மெட்டில் அடிப்பது எனக்கும் பிடிக்காது. ஊர்வலத்தில் இரண்டு குழுக்கள் எதிரெதிரே வந்து முறைத்துக்கொண்டு நின்றதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாரும் காசு கொடுக்காமல், தலைமுறை விடாமல் தொடர்கிற ஒரே மேளம் அவர்களுடையதுதான். எண்ணெய் நிலையத்துக்குப் பின்னால் லோரி நிறுத்துகிற இடத்தில் பழகுகிறார்கள். ஒருநாள் நின்று கவனித்துப் பாருங்கள். உறுமியின் இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து அந்த முனகலை எழுப்புகிறான் ஒரு பையன். அழுத்தம் ஒரு நூல் கூடினால் கீச்சென்று கத்தும், குறைந்தால் சத்தமே வராது. வலப்பக்கம் இன்னொரு குச்சி தாளம் போடுகிறது. இரண்டு கையும் இரண்டு வேலை. பகலெல்லாம் செம்பனைக் குலை லோரியில் சுமை ஏற்றிய கை அது. நான் ஜதி சொல்லித் தருகிறவள், அந்தப் பையனின் கணக்கு சுத்தம் என்று என்னால் சொல்ல முடியும். அவர்களை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு மலேசியத் தமிழர் நாட்டுப்புறக் கலை என்று மலரில் கட்டுரை போடுகிறீர்கள். ஸ்டோரின் சுவர் முழங்கை அகலம். கதவைச் சாத்திக்கொண்டு அடித்தால் தாமானில் யாருக்கும் தூக்கம் கெடாது.

இனி கண்காட்சி. ஒத்திகைக்கும் கண்காட்சிக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சொல்கிறேன்.

தோட்ட வாழ்க்கைப் புகைப்படங்களை அழகாகப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, புகையறையின் செங்கல் சுவரில் மாட்டியிருந்தீர்கள். நுழைந்ததும் எதிரே ஆளுயரத்தில் ஒரு படம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் பாலுக்காக ரப்பர் மரப் பட்டையை வெட்டுகிறார், கீழே மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுகிறது. திறப்பு விழாவில் அத்தனை பேரும் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் நான் என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாழ்நாளெல்லாம் பால்வெட்டும் உளி பிடித்தவர். படத்தைப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: "ஏம்மா, இந்த மரம் கண்ணாடிக்குள்ள நிக்குதா?"

அச்சிடும்போது படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். வெட்டு வலப்பக்கம் மேலேயிருந்து இடப்பக்கம் கீழே இறங்குகிறது. அப்படி யாரும் வெட்டுவதில்லை. பட்டைக்குள் பால் குழாய்கள் நேர் செங்குத்தாக ஏறாமல் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். இது பெரியம்மாவுக்கு யாரும் புத்தகத்தில் சொல்லிக்கொடுத்ததல்ல, கங்காணியிடம் திட்டு வாங்கிக் கற்றது. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்ட பேராக் மாநிலத்தில், ரப்பர் ஸ்டோருக்குள்ளேயே, மரத்தை இடவலம் மாற்றி மாட்டி வைத்திருந்தோம். ஒரு மாதம் தொங்கியது. படங்களுக்குக் கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் இருந்தது, தமிழில் ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் பெரியம்மா அதிலும் நாலு தவறு கண்டுபிடித்திருப்பார்.

நான் சொல்ல வருவது இதுதான். மாட்டுவதற்கு முந்தின நாள் கதவைத் திறந்து, எதிரே கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிற நாலு பழைய வெட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, வாங்கண்ணே, பார்த்துச் சொல்லுங்கள் என்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பார்கள். நாடகத்துக்கு ஒத்திகை மாதிரி கண்காட்சிக்கும் ஒரு முன்பார்வை வேண்டும், அதில் ஊர்க்காரர்கள் இருக்க வேண்டும். ரிப்பன் வெட்டும்போது கூப்பிட்டால் கைதட்டத்தான் முடியும்.

சிறுவர் ஓவியத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் இரட்டைப் பக்க ஒட்டுநாடா நிற்காது என்பது பாதிப் படங்கள் மறுநாள் தரையில் கிடந்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியவர்களுக்கான படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில் இருப்பது வழக்கம். வரைந்தவர்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் அதையும் கொஞ்சம் இறக்குங்கள், அவர்கள் படத்தை அவர்களே அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. நீர்வண்ணத்துக்கு நேர்வெயில் ஆகாது, 50 லக்ஸ் வெளிச்சமே போதும் என்பது அருங்காட்சியகக் கணக்கு. கண்ணாடிக் கதவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியவை இப்போதே வெளுத்துவிட்டன.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஓவியர் ஒருவர் வரைவதை நேரில் பார்த்திருக்கிறார்கள்? நம் நாட்டில் தேசியக் கலைக்கூடம் 1958-லிருந்து இருக்கிறது. அழகன்குளத்தில் பிறந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் படித்து, மலேசிய ஓவிய உலகில் தனி இடம் பிடித்த சையத் தாஜுதீன் இருக்கிறார். நம்மவர் வாழ்க்கையைப் பகடியும் பாசமுமாக வரைகிற அனுரேந்திர ஜெகதேவா இருக்கிறார். சமூக அநீதியைத் துணிந்து படமாக்கிய நிர்மலா சண்முகலிங்கம் பினாங்கில் பிறந்தவர். இந்தப் பெயர்கள் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது, எனக்கே நடுவயதில்தான் தெரிந்தது. பெரிய ஓவியர்களை அழைக்க நமக்கு வசதி இல்லாமல் போகலாம். ஈப்போவிலோ தைப்பிங்கிலோ இருக்கிற ஓர் இளம் ஓவியரைக் கூப்பிட்டு, பரிசு கொடுக்க ஒரு மணி நேரம் என்றில்லாமல், ஒரு வாரம் புகையறையில் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். வாசலைத் திறந்து வையுங்கள். பள்ளி விட்டுப் போகிற பிள்ளைகள் எட்டிப் பார்க்கட்டும், தப்பாகப் போட்ட கோட்டை அவர் அழித்துத் திரும்பப் போடுவதைப் பார்க்கட்டும்.

இன்னொரு மனக்குறை, ஒத்திகையோடு நேரடியாகச் சேராது, ஆனாலும் விட மனமில்லை. நிகழ்ச்சி எட்டு மணிக்கு என்று அழைப்பிதழில் போடுகிறீர்கள். பிரமுகர் ஒன்பதுக்கு வருகிறார். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம். உள்ளே ஒப்பனை போட்ட பிள்ளைகள் சாயங்காலம் நாலு மணியிலிருந்து தலைசாமானும் ஜடையும் கட்டிக்கொண்டு, கலைந்துவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது என்பதால் பாத்ரூமுக்கும் போவதில்லை. கடைசியில் மேடையேறும்போது நேரமாகிவிட்டது, ஒரு பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று என் காதில் சொல்கிறீர்கள். பேச்சில் ஒன்றைக் குறைத்தால் என்ன? பேசித்தான் ஆக வேண்டும் என்றால் ஆட்டம் முடிந்த பிறகு பேசட்டும். உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மடலைப் படித்ததும் பொருளாளர் ஐயா அதைத்தான் கேட்பார். வெளியூர் நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு 40 வெள்ளி (ரிங்கிட்) வைத்தீர்கள். நாலு பேர் குடும்பம் போனால் 160. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. காலி நாற்காலிக்கு இதுவும் ஒரு காரணம், ஆர்வக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். பயிற்சிக்கு நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு குழுவும் மாதச் சந்தா கட்டும். நம் ஜனங்களிடம் சின்னத் தொகையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத்தான் தோட்டம் வாங்கினார். இன்றைக்குக் கோலாலம்பூரில் நம் நூல் வெளியீடும் இசை விழாவும் நடக்கிற டான்ஸ்ரீ சோமா அரங்கம் அந்தச் சங்கத்தின் கட்டடத்தில்தான் இருக்கிறது. வெட்டுக்காரர்களின் பத்து வெள்ளி ஒரு அரங்கத்தில் வந்து நிற்கிறது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

மரத்தரைக்கு வெளியுதவி தேடலாம். கலைத்துறைக்கு மானியம் கொடுக்க 2017-இல் அமைத்த செண்டானா இருக்கிறது, மாநிலத்தில் கலை பண்பாட்டு இலாகா இருக்கிறது. மானியம் கேட்டுப் பாரம் நிரப்பும்போது பூட்டிய மண்டபத்தைக் காட்டிக் கேட்பதைவிட, வாரம் முழுக்க ஊர்க் குழுக்கள் பழகுகிற மண்டபம் என்று காட்டிக் கேட்பது உங்களுக்கும் எளிது. விண்ணப்பம் எழுத நான் உட்கார்கிறேன். மலாயில் எழுத என் மாணவி ஒருத்தி பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறாள், அவளும் உட்காருவாள்.

ஆகவே நாங்கள் கேட்பது: செவ்வாயும் வியாழனும், மாலை ஆறிலிருந்து பத்து வரை மண்டபம் திறந்திருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு நாட்டிய வகுப்புகளுக்கு, எட்டிலிருந்து பத்து உறுமிக் குழுவுக்கும், பழையபடி அரிச்சந்திரன் போட வேண்டும் என்று ஆசைப்படுகிற கோயில் இளைஞர்களுக்கும் மாறி மாறி. நோட்டு எழுதி வைத்த தாத்தா ஒருவர் இன்னும் தாமானில் இருக்கிறார், கண் மங்கிவிட்டது, பாட்டு மங்கவில்லை. சாவி காவலாளி அண்ணனிடமே இருக்கட்டும். அவருடைய ஓவர்டைமைச் சந்தாவிலிருந்து முதலில் கொடுத்துவிட்டு மீதியை மையத்தின் கணக்கில் கட்டிவிடுகிறோம். பொறுப்புக்குக் கையெழுத்து நான் போடுகிறேன், உறுமிக் குழு சார்பில் அவர்கள் தலைவர் போடுவார். பெண் பிள்ளைகள் இருட்டில் போக வேண்டியிருப்பதால் பின்பக்கக் கழிவறைக்கு ஒரு விளக்கும் உள்தாழ்ப்பாளும் மட்டும் நீங்கள் உடனே போட்டுத் தர வேண்டும், அதற்குக் கூட்டம் கூடிப் பேச வேண்டியதில்லை. தோட்ட வாழ்க்கைக் கண்காட்சியை மறுபடி வைக்கும்போது மாட்டுவதற்கு முன்னால் பெரியம்மாவைக் கூட்டி வருகிறேன், கூடவே அவருடைய பழைய நிரைக் கூட்டாளிகள் சிலரும் வருவார்கள். கோப்பி வாங்கிக் கொடுத்தால் போதும்.

அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு வெளியே காத்திருக்கிறோம், கூப்பிட்டால் உள்ளே வந்து பேசுகிறோம். பதிலை எழுத்தில் கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும் சரிதான், அந்தப் பொடி எழுத்து வரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வகுப்பு எடுக்கும் நாட்டிய டீச்சர்